பெயர் தெரியாத அந்த டாக்டருக்கு நன்றி

அப்பாவுக்குக் கணைய அழற்சி தணிந்த பிறகு எடுத்த ஸ்கேனில், கணையத்தை ஒட்டி நீர்க்கட்டி இருப்பது தெரிந்தது. உடனே ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் துடித்தோம். அப்போது இரவுப் பணியில் இருந்த டாக்டர்தான் எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

கணையத்திலிருந்து கசியும் நீர் இப்படித் தேங்குவதுண்டாம். அதைச் சுற்றிச் சுவர் உறுதிப்பட 4 வாரமாவது ஆகும், அதற்குள் கைவைத்தால் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று ஆபத்து கூடும் என்றார். தொந்தரவு தராத கட்டிகளில் பல தானாகவே வற்றிவிடும். பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வடிக்க வேண்டியதில்லை.

"அப்போ சும்மா இருப்பதா வைத்தியம்?" என்று சித்தப்பா சற்றுக் கோபமாகவே கேட்டார். "சும்மா இல்லைங்க, கவனிச்சுக்கிட்டே இருக்கோம்" என்று பொறுமையாகப் பதில் சொன்னார். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, ஓயாத வாந்தி, கண் மஞ்சளாவது, கருப்பாக மலம் போவது, இதில் எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கூப்பிடச் சொன்னார். தொற்று இல்லாதபோது முன்னெச்சரிக்கைக்கென்று ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்றும் விளக்கினார்.

அப்பாவால் சாப்பிட முடியாத நாட்களில் மூக்கு வழியாகச் சிறுகுடலுக்குக் குழாய் போட்டு உணவு கொடுத்தார்கள். குடலைப் பட்டினி போட்டால் அங்குள்ள கிருமிகள் ரத்தத்தில் கலக்க வழி ஏற்படும் என்பது அவர் சொல்லித்தான் தெரியும்.

அடுத்தடுத்த ஸ்கேன்களில் கட்டி சுருங்கி, அப்புறம் இல்லாமலே போனது. டாக்டர், ஒரு வெட்டுத் தழும்புகூட இல்லாமல் அப்பா வீடு திரும்பினார். எங்கள் குடும்பம் முழுவதும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.