சுவடி செய்யக் கிளம்பிய நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கேயும் நலமே. ஏடு படிக்கப் பழகுவதோடு நிற்காமல், கையாலேயே ஒரு சுவடி செய்து பார்க்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஓலையை வாரி, அதாவது சீவி அளவாக்கி, எழுத்தைக் கீறி, மை தடவிப் பார்த்தவனுக்குத்தான் பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி ஏன் இல்லை, எழுதியவர் எங்கே தடுமாறினார், நாம் எங்கே தவறாகப் படிக்கிறோம் என்பதெல்லாம் பிடிபடும். ஆராய்ச்சிக்கு இந்தக் கைவேலையைவிட நல்ல ஆசான் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஓலையில் கீறி எழுதும் எழுத்தாணிக்குக் கொல்லரிடம் சொல்லிவைத்துவிட்டாய் என்கிறாய். அது வரட்டும். முதலில் ஓலையைப் பார்.

பனையோலையே போதும். கூந்தல் பனை ஓலை இன்னும் அகலம், மெல்லிசு, நன்றாக வளையும். கேரளத்திலும் இலங்கையிலும் அதில் நிறைய எழுதினார்கள். ஆனால் அந்த மரம் வாழ்நாளில் ஒரே தடவை பூத்துப் பட்டுப்போவது, இப்போது அரிதாகிவிட்டது. பழகுவதற்காக அதில் கைவைக்க வேண்டாம். பனையேறியிடம் கேட்கும்போது குருத்தும் வேண்டாம், முற்றிய பச்சை ஓலையும் வேண்டாம், குருத்துக்கு அடுத்து விரிந்த இளம் ஓலை வேண்டும் என்று தெளிவாகச் சொல். குருத்து காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். முற்றியதில் நரம்பு தடித்திருக்கும்; எழுத்தாணி குதித்துக் குதித்து ஓடும், மடித்தால் ஒடியும். மட்டையின் நடுப்பகுதி ஓலைகள்தான் நீளமும் அகலமும் ஒத்திருக்கும். ஓரத்தில் உள்ளவற்றைக் கழித்துவிடு.

நடுநரம்பான ஈர்க்கை நீக்கினால் ஒரு ஓலையிலிருந்து இரண்டு நறுக்கு கிடைக்கும். கத்தியை ஈர்க்கோடு ஒட்டி அடியிலிருந்து நுனிக்கு இழு. எதிர்த்திசையில் இழுத்தால் நார் பிய்ந்து ஓரம் பிசிராகும். இப்போதே இறுதி அளவுக்கு வெட்டிவிடாதே. 30 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம் உனக்கு வேண்டுமென்றால் நீளத்தில் 4 செ.மீ.யும் அகலத்தில் அரை செ.மீ.யும் கூடுதலாக வைத்துக்கொள். 20 ஏடு வேண்டுமானால் 35 நறுக்காவது தயாராக இருக்கட்டும். பாடம் செய்யும்போதும், அதாவது ஓலையைப் பதப்படுத்தும்போதும், துளை போடும்போதும் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும்.

பாடம் செய்வதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. நீராவியில் வேகவைப்பது, வெந்நீரில் போடுவது, ஈர மணலில் புதைப்பது, நல்லெண்ணெய் பூசி ஊறவைப்பது என்று பல முறை உண்டு. வீட்டில் செய்ய எளிது வெந்நீர்தான். நறுக்குகளை நிழலில் இரண்டு மூன்று நாள் வாடவிட்டு, தளர்வான சுருளாகச் சுற்றி, அகலமான பாத்திரத்தில் முழுக மூழ்க வை. பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள் தூள் போட்டு, தளதளவென்று கொதிக்கவிடாமல் மெல்லிய கொதியில் முக்கால் மணி நேரம் வைத்தால் போதும். ஓலையில் உள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் நீரில் இறங்க வேண்டும். பூச்சிக்கு அதுதான் தீனி. தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தால் கொட்டிவிட்டு, புது வெந்நீரில் ஒருமுறை அலசு. மிதக்கும் பகுதி வேகாமல் பச்சையாகவே நின்றுவிடும். பின்னால் அந்த இடத்தில்தான் கறை விழும். மேலே ஒரு தட்டைப் போட்டு அழுத்திவை.

காயவைப்பது நிழலில்தான். வெயிலில் போட்டால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து வளைந்துவிடும், பிறகு எந்தப் பாரத்தாலும் நிமிராது. பாதி காய்ந்ததும் சுருளை எதிர்ப்பக்கமாகத் திருப்பிச் சுற்றி ஓர் இரவு வை. பிறகு இரண்டு பலகைக்கு நடுவே அடுக்கி, பாரம் ஏற்றி ஒரு வாரம் விடு. எடுத்தபின் சங்காலோ வழவழப்பான கூழாங்கல்லாலோ நார் ஓடும் திசையிலேயே தேய். இலங்கையில் சிங்களவர்கள் உருண்டையான கமுக மரத்தின்மேல் ஓலையை முன்னும் பின்னும் இழுத்து மெருகேற்றுவார்கள். உருட்டுக்கட்டை கிடைத்தால் அதையும் செய்து பார், பலன் தெரியும். ஏட்டை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடிக்கும்போது மங்கலான பளபளப்பு ஒரே சீராக ஓடினால் தேய்த்தது போதும்.

இனித் துளை. நீளத்தை நாலாகப் பிரித்து, இரு முனையிலிருந்தும் கால் பங்கு தள்ளி ஒவ்வொரு துளை. மாதிரி ஏடு ஒன்றை முதலில் வெட்டி, அதை மேலே வைத்தே எல்லா ஏட்டிலும் குறி. பழுக்கக் காய்ச்சிய 3 மி.மீ. கம்பியால் சுட்டுத் துளைப்பதே நல்லது. குளிர்ந்த ஊசியால் குத்தினால் நார் இரண்டாகப் பிளந்து, அந்த வெடிப்பு வரியோடு ஓடி முனைவரை போய்விடும். சுட்ட துளையின் விளிம்பு கருகி இறுகிவிடும், வெடிக்காது. பிறகு எல்லா ஏட்டையும் இரண்டு சட்டத்துக்கு நடுவே இறுக்கிக் கட்டி, சட்டத்தை ஒட்டிக் கத்தியால் ஓரத்தைச் சீவு. ஒவ்வொன்றாக வெட்டினால் எத்தனை கவனமாக இருந்தாலும் அரை மி.மீ. வித்தியாசம் வரும், அடுக்கும்போது பல்லிளிக்கும்.

எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகை உண்டு. கொண்டை கனமாக, உருண்டையாக இருப்பது குண்டெழுத்தாணி. பழகுகிறவர்களுக்கு அதுவே ஏற்றது, கனமே பாதி அழுத்தத்தைக் கொடுத்துவிடும். ஓலை வாரும் கத்தி மறுமுனையில் உள்ளது வாரெழுத்தாணி. மடக்கி வைக்கக்கூடியது மடக்கெழுத்தாணி. கொல்லர் கொடுத்தபடியே எழுத ஆரம்பித்துவிடாதே. முனை ஊசிபோல் இருந்தால் நாரை அறுத்துக்கொண்டு அடுத்த பக்கம் தெரியும். எண்ணெய்க் கல்லில் முனையைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்து, விரல் நகத்தில் வைத்தால் குத்தாமல் கோடு மட்டும் போடுகிற அளவுக்குக் கொண்டுவா.

பிடிக்கும் விதத்தில்தான் பலரும் தோற்கிறார்கள். ஏட்டை மேசையில் வைத்துப் பேனா பிடிப்பதுபோல் பிடித்தால் எழுத்து வராது. ஏடு இடது கையில். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் அடியில். எழுத்தாணியை வலது கைக்குள் செங்குத்தாகப் பிடித்து, அதன் முனைக்குச் சற்று மேலே இடது கட்டைவிரல் நகத்தை அண்டக்கொடு. பழைய எழுத்தர்கள் அந்த நகத்தை வளர்த்து, எழுத்தாணி உட்காரப் பிறைபோல் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். வலது கை அதிகம் நகராது. ஒவ்வொரு எழுத்துக்கும் இடது கைதான் ஏட்டை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொடுக்கும். வரிக்கோடு போடத் தேவையில்லை. ஓலையின் நரம்பே நேர்கோடாக ஓடுகிறது, அதைப் பிடித்துக்கொள். 3 செ.மீ. அகலத்தில் ஆறு வரி வசதியாக வரும்.

நாருக்குக் குறுக்கே இறங்கும் கோடு தொல்லை தராது. நாரோடு போகும் படுக்கைக்கோட்டை அழுத்தினால்தான் ஓலை கிழியும். 'க', 'ட', 'ப' எழுதும்போது படுக்கைக்கோட்டை மெல்லிய வளைவாக, கை எடுப்பாக விடு. புள்ளி குத்தினால் துளை விழும் என்பதும் இப்போது உனக்கே விளங்கும். ஆழத்தைச் சோதிக்க ஏட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்; எழுத்து வழியே ஒளி கசிந்தால் அழுத்தம் அதிகம், அதன் பின்பக்கம் எழுத உதவாது. துளையைச் சுற்றி ஒரு விரல் அகலம் வெற்றிடம் விடு. கயிறு உரசி அந்த இடம்தான் முதலில் தேயும்.

மைக்குப் பழைய பக்குவத்தில் மாவிலைக் கரி, தர்ப்பைக் கரி, மணத்தக்காளி இலைச் சாறு, ஊமத்தை இலைச் சாறு, மஞ்சள், வசம்பு எல்லாம் வரும். ஊமத்தை நஞ்சு, அதை விட்டுவிடு. நல்லெண்ணெய் விளக்கின் மேல் மண் சட்டியைக் கவிழ்த்துப் புகைக்கரி சேர். அரைத் தேக்கரண்டி கரிக்கு நாலைந்து சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழை. துணிப்பந்தால் தொட்டு, வரிக்குக் குறுக்காகத் தேய்த்து எழுத்துக்குள் இறக்கு. ஐந்து நிமிடம் கழித்து அரிசித் தவிட்டைத் தூவி, நார் ஓடும் திசையில் துடைத்தெடு. எண்ணெய் கூடினால் ஏடு முழுக்கச் சாம்பல் நிறமாகி, பிறகு தூசியை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓலையைச் சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தால், எழுதாத இடத்திலும் நரம்புக்குள் கரி ஏறிக் கோடு கோடாகத் தெரியும். அதைப் போக்க வழியே இல்லை. அதனால் எழுதாத நறுக்கு ஒன்றில் முதலில் மை தடவிப் பார்த்துவிடு.

கட்டுவதற்கு ஏட்டைவிட 2 மி.மீ. பெரிதாகத் தேக்குச் சட்டம் இரண்டு. ஒரு துளையில் நாராசம், அதாவது மூங்கில் குச்சியோ செப்புக் கம்பியோ. மற்றதில் பருத்திக் கயிறு. கயிற்றின் தலைப்பில் பனையோலையை ஈர்க்கோடு கிளிமூக்குப்போல் நறுக்கிக் கட்டுவார்கள். சுற்றிய கயிற்றுக்குள் அதைச் செருகிவிட்டால் முடிச்சே வேண்டாம். இறுக்கிச் சுற்றாதே, ஏட்டின் முனைகள் மேலே தூக்கிக்கொள்ளும். பருத்தித் துணியில் பொதிந்து, இரண்டு துண்டு வசம்பு போட்டுக் காற்றாடும் இடத்தில் வை. பிளாஸ்டிக் உறை கூடாது, உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் வரும்.

இனி எழுதும் முறை. பழையபடியே எழுதுவதானால் புள்ளி கிடையாது, எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது, நெடிலுக்கு இடும் துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம், சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. செய்யுளையும் உரைநடைபோல் ஓட்டித்தான் எழுதுவார்கள். 'காகம்' என்று நீ எழுதினால் படிப்பவர் 'கரகம்' என்றும் படிக்கலாம். 'கெடு', 'கேடு' இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பத்து ஏடு இப்படி எழுதி, ஒரு மாதம் கழித்து நீயே படித்துப் பார். பாடவேறுபாடு, அதாவது ஒரே நூலின் படிகளில் சொல் மாறிவருவது, எப்படிப் பிறக்கிறது என்பதைப் பதிப்புகளின் அடிக்குறிப்பைவிடத் தெளிவாக அது காட்டிவிடும். ஏட்டெண்ணை இடது ஓரத்தில் தமிழெண்ணால் இடு: 11 ௰௧, 20 ௨௰, 24 ௨௰௪.

நீ அனுப்பிய படத்தில் உள்ள முடிவுக் குறிப்பை, அதாவது ஏடு எழுதி முடித்த காலத்தைச் சொல்லும் கடைசி வரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். கொல்லம் 1012, துன்முகி ௵, ஐப்பசி ௴ என்பது சரியான வாசிப்பே (௵ ஆண்டுக்குறி, ௴ மாதக்குறி; துன்முகி அறுபது ஆண்டுச் சுற்றில் ஓர் ஆண்டின் பெயர்). நெல்லைப் பக்கத்தில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை கொல்லத்தோடு 824 கூட்டு, அதன்பின் ஆடி முடிய 825. ஆக இது 1836 அக்டோபர்–நவம்பர். துன்முகி 1836 சித்திரையில் தொடங்குவதால் இரண்டும் பொருந்துகின்றன. கொல்லம் 1012-இலேயே வைகாசி என்று இருந்திருந்தால் ஆண்டுப் பெயர் ஏவிளம்பி என்று மாறியிருக்க வேண்டும். இப்படிப் பொருந்தாத இடத்தில்தான் படியெடுத்தவரின் பிழையோ நம் வாசிப்புப் பிழையோ அகப்படும். கொல்லம் இல்லாமல் துன்முகி மட்டும் இருந்தால், அந்தப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் 1776, 1836, 1896 மூன்றுமே நிற்கும். கிழமையும் நட்சத்திரமும் திதியும் இருந்தால்தான் ஒன்றைத் தேற முடியும்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இரு. உன் சுவடியின் கடைசி ஏட்டில் இன்றைய ஆண்டையும் 'புதிதாகச் செய்த படி' என்பதையும் எழுத்தாணியாலேயே எழுது. புகை போட்டும் தேநீர் பூசியும் புதியதைப் பழசாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உன் ஏடு அவர்கள் கைக்குப் போய்விடக் கூடாது. மற்றொன்று, உன் மாமா வீட்டுப் பரணில் இருக்கும் பழைய கட்டு. இந்த எண்ணெய், மஞ்சள், தவிடு எதையும் அதன்மேல் பரீட்சிக்காதே. ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்கவும் முயலாதே. எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுவது எல்லோரும் சொல்வதுதான், ஆனால் எவ்வளவு, எந்த நிலையில் உள்ள ஏட்டுக்கு என்பதைப் பாதுகாப்புப் பயிற்சி உள்ளவர்தான் முடிவு செய்ய வேண்டும். 75 ஆண்டுக்கு மேற்பட்ட, அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் என்பதையும் மாமாவிடம் சொல். சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தையோ தஞ்சை சரசுவதி மகாலையோ கேட்கச் சொல். அதுவரை துணியில் பொதிந்து அப்படியே இருக்கட்டும்.

பாடம் செய்த நறுக்கு இரண்டைத் தபாலில் அனுப்பு. அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டு, மடங்கிவிடாமல். மெருகு போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதன்பின் மை தடவலாம்.

அன்புடன்,
உன் நண்பன்