லிஸ்பனிலிருந்து கொண்டுவந்த ஒரு நினைவு: மகளுக்குக் கடிதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலமாக ஊர் வந்து சேர்ந்தோம். கடைசி நேரத்தில் உனக்கு விடுப்புக் கிடைக்காமல் போகவே, நீ எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் நாங்கள் இருவர் மட்டும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லிஸ்பனைச் சுற்றிப் பார்த்து வந்ததை, தொலைபேசியில் "நன்றாக இருந்தது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். சனிக்கிழமை மாலை ஆற்றங்கரையில் நான் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அதன் காரணத்தை அவளிடமும் முழுதாகச் சொல்லவில்லை. நேரில் பேசினால் எனக்குக் கோவையாக வராது என்பதால் எழுதுகிறேன்.

காலையில் முதலில் கார்மோ மடத்துக்குப் போனோம். 1389-இல் கட்டத் தொடங்கிய பெரிய தேவாலயம் அது; இன்று அதன் நடுக்கூடத்துக்குக் கூரை கிடையாது. இரு பக்கத் தூண்களிலிருந்தும் எழும்பும் கல் வளைவுகள் மட்டும் மேலே ஒன்றையொன்று தொட்டு நிற்க, அவற்றுக்கு இடையே நீல வானம் தெரிகிறது. 1755 நவம்பர் 1, சனிக்கிழமை, சகல புனிதர் திருநாள். ஊரே தேவாலயங்களில் கூடியிருந்த காலை வேளையில் நில நடுக்கம் வந்தது. பீடங்களில் ஏற்றி வைத்திருந்த மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் சரிந்து மூண்ட தீ பல நாள் அணையாமல் எரிந்தது. இடிபாட்டுக்குத் தப்பியவர்கள் வெட்டவெளி என்று நம்பி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தேஜு ஆற்றின் நீர் அடிமண் தெரியும் அளவுக்குப் பின்வாங்கியது; பிறகு கடல் அலையாகத் திரும்பி வந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். இதையெல்லாம் கூரையில்லாத அந்தக் கூடத்தில் நின்று படித்தபோதே எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

அங்கிருந்து இறங்கி பாய்ஷா பகுதிக்கு வந்தோம். நேர்கோடு போட்டாற்போலத் தெருக்கள், ஒரே உயரத்தில் கட்டடங்கள். நில நடுக்கத்துக்குப் பிறகு புதிதாக எழுப்பிய நகரம் அதுதான். அங்கே ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் தோண்டிப் பார்த்ததை அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ரோமானியர் காலத்தில் மீனை உப்பிட்டுப் பதப்படுத்திய தொட்டிகளைக் கண்டதும் அம்மா, "இங்கேயும் கருவாட்டுத் தொட்டியா?" என்று வியந்து போனாள். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தொட்டிகளை அல்ல, அடித்தளத்துக்காக அடித்திருந்த பைன் மரக் கம்பங்களை. அந்தப் பகுதி ஆற்று வண்டல் படிந்த தளர்ந்த மண். அதனால் நிலத்தடி நீருக்குள் மரக் கம்பங்களை நெருக்கமாக இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். நீரில் மூழ்கிய மரத்துக்குக் காற்றுப் படாததால் அது உளுத்துப் போவதில்லை. மேலே சுவர்களுக்குள்ளும் குறுக்கும் நெடுக்கும் சாய்வுமாக மரச் சட்டங்களைப் பின்னி வைத்து, இடைவெளியைச் செங்கல்லாலும் கல்லாலும் அடைத்தார்கள். நிலம் ஆடினால் காரை உதிரலாம், மரக் கூடு வளைந்து கொடுத்து நிற்கும். அதைக் கூண்டு என்றே அவர்கள் மொழியில் சொல்கிறார்கள். மாதிரி ஒன்றைக் கட்டி, அதைச் சுற்றிப் படைவீரர்களை நடக்கவிட்டு அதிர்வைச் சோதித்ததாகவும் சொல்வார்கள்.

இந்த வேலைக்குத் தலைமை ஏற்ற பொறியாளர் மானுவெல் த மாயாவுக்கு அப்போது வயது 78. நில நடுக்கம் நடந்து ஐந்து வாரத்துக்குள், நகரத்தை எந்தெந்த வழிகளில் திரும்பக் கட்டலாம் என்று ஆராயும் தம் அறிக்கையின் முதற்பகுதியை எழுதிக் கொடுத்துவிட்டார். பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சரின் அரசோ, அதற்கும் முன்பே ஒரு வேலையைத் தொடங்கச் சொல்லியிருந்தது. இடிபாடுகளை அள்ளுவதற்கு முன் எந்தத் தெரு எங்கே போயிற்று, எந்த வீடு எத்தனை அகலம், அது யாருடையது என்று அளந்து பதிவு செய்ய வேண்டும் என்பதே அந்த ஆணை. இந்தச் செய்திதான், கண்ணம்மா, என்னை உட்கார வைத்துவிட்டது.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஆம் தேதி உனக்கு ஒன்பது வயது. மறுநாளே அரசுப் பணியில் என்னை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீச்சாங்குப்பத்தில் ஒரு மூதாட்டி என் பின்னாலேயே இரண்டு நாள் நடந்தார். முந்தானை முடிச்சில் ஒரு சாவி. "பூட்டிவிட்டுத்தான் வந்தேன் தம்பி, என் வீடு எந்த இடம் என்று மட்டும் காட்டு" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சுற்றிலும் சமமான மணல். என் கையில் டேப் இருந்தது. எங்கிருந்து அளப்பது என்றுதான் தெரியவில்லை. வழியைத் திறக்க வேண்டும் என்ற அவசரத்தில் அடையாளமாக எஞ்சியிருந்த சில அடித்தளங்களையும் பொக்லைன் தள்ளிவிட்டது. அதைத் தள்ளச் சொன்னவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்கு வந்த பிறகு பல நாள் நான் ஏன் பேசவில்லை என்று நீ கேட்டாய். அன்று என்னிடம் பதில் இல்லை.

மாலையில் அறைக்குத் திரும்பியபோது, விடுதிப் பெண் எங்கள் அறைச் சாவியை நீட்டி "ஷாவ்" என்றாள். நம் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அவர்களுடைய போர்ச்சுகீசிய மொழி கொடுத்த சொற்கள் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான்தான். அந்தச் சாவி கைக்கு வந்ததும் மூதாட்டியின் முந்தானை முடிச்சு கண்முன் வந்துவிட்டது. அறையில் இருக்கப் பிடிக்காமல் அம்மாவை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைச் சதுக்கத்துக்குப் போனேன். அங்கே இரண்டு கல் தூண்களுக்கு நடுவே அகலமான படிகள் நேராக ஆற்றுக்குள் இறங்குகின்றன. நீர் ஏற ஏற, பாசி படிந்த கீழ்ப்படிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் பக்கத்தில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லிஸ்பனின் பெலேம் பகுதிக்குப் போனோம். ஜெரோனிமுஸ் மடத்தில், 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. அதன் முன் அதிக நேரம் நிற்க எனக்கு மனம் வரவில்லை. மடத்தின் கல் வேலைப்பாடு மட்டும் ஒரு முழு நாளுக்குத் தகும். அருகில் 1837 முதல் செய்துவரும் முட்டைக் கஸ்டர்டு பணியாரம் சூடாகக் கிடைக்கும். அம்மா மூன்று சாப்பிட்டாள்.

நீ போகும்போது கார்மோவையும் வங்கியின் அடியிலுள்ள அந்த இடத்தையும் சனிக்கிழமையே பார்த்துவிடு, ஞாயிறன்று இரண்டும் மூடியிருக்கும். நடைபாதை முழுவதும் தேய்ந்து வழவழத்த சுண்ணாம்புக் கல். தூறல் விழுந்தால் வழுக்கும், நல்ல பிடிமானமுள்ள காலணி போட்டுக்கொள். மாலையில் அந்தப் படிகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு.

அடுத்த மாதம் நான் கீச்சாங்குப்பம் போகிறேன். இத்தனை ஆண்டில் ஒருமுறைகூடப் போகவில்லை. அந்த மூதாட்டியின் பெயர் என் பழைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் குடும்பத்தில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா