சன்ரூஃப் ஒழுக்கு: சிலிக்கன் பூசித் திருப்பித் தந்த காரைப் பற்றிய புகார்

கல்லடி, மட்டக்களப்பு
2025.11.17

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

செப்டெம்பர் முதல் வாரத்தில் உங்கள் மட்டக்களப்புக் கிளையில் 2017 உற்பத்தி ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினேன். கூரையில் திறக்கிற கண்ணாடி (சன்ரூஃப்) போட்ட கார், ‘ஃபுல் ஒப்ஷன்’ என்று சொல்லி நீங்கள் விற்றது. அந்தக் கூரையால் மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. அதைத் திருத்தித் தரச் சொல்லி உங்கள் வேலைத்தளத்தில் விட்டேன். திருப்பித் தந்தபோது முதல் இருந்ததைவிட மோசம். தொலைபேசியில் கதைத்தால் ஆளுக்கு ஒரு பதில் வருகிறது, ஆகவே இப்போது எழுத்தில் தருகிறேன். எனக்கும் எழுத்தில்தான் பதில் வேண்டும்.

வாங்கும்போது நடந்ததை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் கூடுதலாகக் கொடுத்தது இந்தக் கண்ணாடிக்குத்தான். உங்கள் முற்றத்தில் அதே வருடத்து, அதே மாதிரிக் கார் வெள்ளை நிறத்தில் ஒன்று நின்றது. அதில் சன்ரூஃப் இல்லை. அதற்கும் இதற்கும் மூன்றரை இலட்சம் வித்தியாசம். ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு உங்கள் விற்பனைத் தம்பி ஜப்பானில் ஏலத்தின்போது காரைப் பார்த்து எழுதிய ஏலத் தாளை எடுத்து, சன்ரூஃபைக் குறிக்கிற எஸ்ஆர் என்ற இரண்டு எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்ததைக் காட்டி, “அண்ணன், இது கொம்பனியாலேயே வந்த சன்ரூஃப், பிறகு வெட்டிப் போட்டது இல்லை” என்றார். சரி, அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாள் கார் ஜப்பானை விட்டு வெளிக்கிட்ட நாளின் கதையை மட்டுமே சொல்லும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இந்தக் கார் அதற்கு முன்பே வந்து, இந்த நாட்டு வெயிலிலும் புழுதியிலும் உப்புக் காற்றிலும் வருடக்கணக்காக நின்ற கார். கூரையின் இறப்பரும் குழாய்களும் அதற்குள் என்ன பாடு பட்டிருக்கும் என்று எந்த ஏலத் தாளிலும் எழுதியிருக்காது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது விற்கிறவர்.

விற்ற காலத்தையும் கவனியுங்கள். கச்சான் காற்று அடித்து ஓய்கிற நேரம், வானத்தில் ஒரு துளி இல்லை. இந்தப் பக்கத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபரில் தொடங்கித் தை மாதம் வரை வருகிற மாரி மழைதான் என்பது உங்கள் கிளையில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஆக, ஒழுகுகிற கூரை ஒழுகாமல் இருக்கிற ஒரே காலத்தில் காரைக் கைமாற்றியாயிற்று. நீங்கள் தந்த மூன்று மாத உத்தரவாதமோ என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் மட்டும்.

முதல் பெரிய மழை பெய்து ஓய்ந்த மறுநாள், களுவாஞ்சிக்குடியில் ஒரு கலியாண வீட்டுக்குக் குடும்பமாகப் போனோம். முன் சீட்டில் மாமி. காத்தான்குடியில் நடுவீதிப் பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில் ஓட்டோ ஒன்று குறுக்கே திரும்ப, நான் பிறேக் அடித்தேன். அடித்ததும் கூரையில் வாசிப்பு லைற்றும் சன்ரூஃப் சுவிட்ச்சும் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டியின் இடுக்கால் தண்ணீர் கொட்டியது. சொட்டவில்லை, கொட்டியது. மாமியின் மடியில் பட்டுச் சீலை முழுக்கக் கபில நிறத் தண்ணீர், அதில் ஊறிப்போன சவுக்குச் சருகு இரண்டு மூன்று. வெளியில் நல்ல வெயில் அடிக்கிறது, காருக்குள் மழை! மாமி ஒன்றும் சொல்லவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். இரவு பெய்த தண்ணீர் உட்கூரைத் துணிக்கு மேலே தேங்கி நின்று, பிறேக் அடித்ததும் முன்னுக்கு ஓடி, லைற் ஓட்டையால் இறங்கியிருக்கிறது. மின்கம்பி போகிற ஓட்டை அது.

அன்றைக்கே உங்கள் கிளைக்குத் தொலைபேசி எடுத்தேன். “சன்ரூஃப் உள்ள கார் என்றால் மாரியில் கொஞ்சம் அப்படித்தான், போர்ச்சுக்குள் விடுங்கள்” என்று பதில் வந்தது. இதை யார் சொன்னது என்று பெயர் எழுதி அந்தத் தம்பியை மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் மூன்றரை இலட்சம் வாங்கும்போது ‘போர்ச் உள்ள வீட்டுக்கு மட்டும்’ என்று யாரும் சொல்லவில்லையே.

உங்கள் வேலைத்தளத்தில் செய்ததுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான விடயம். காரைத் திருப்பித் தந்தபோது கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பு சிலிக்கன் பூசியிருந்தது. குளியலறை சிங்கைச் சுற்றிப் பூசுகிற மாதிரி, விரலால் இழுத்த தடமும் தெரிகிறது. கண்ணாடி இப்போது திறக்காது. சுவிட்ச்சை அமத்தினால் மோட்டார் முனகுகிறது, கண்ணாடி அசையவில்லை, மோட்டார் எரிந்துவிடுமோ என்று நான் அதைத் தொடுவதே இல்லை. அப்படிப் பூசியும் அடுத்த மழையில் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை இடது முன்பக்கத் தூணுக்குள்ளால் இறங்கி, கால் வைக்கிற கம்பளத்தை நனைத்தது.

பிறகு ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஒருவரிடம் காட்டினேன். அவர் சிலிக்கனைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். அவர் விளக்கிச் சொன்னதை உங்கள் வேலைத்தளத்துக்காக இங்கே எழுதுகிறேன், அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள இறப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்கு வைத்தது அல்ல. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்துதான் செய்கிறார்கள். வருகிற தண்ணீரைப் பிடிக்கக் கண்ணாடிக்குக் கீழே சுற்றிவரத் தட்டு ஒன்று இருக்கிறது, நம் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்துப் பீலி போல. இந்தக் காரில் அந்தத் தட்டின் நான்கு மூலையிலும் நான்கு சின்னக் குழாய்கள், முன்னால் இரண்டு முன் தூண்களுக்குள்ளால் இறங்கிக் கதவுப் பிணைச்சல் பக்கமாக வெளியேறும், பின்னால் இரண்டு பின் சில்லுப் பக்கமாக வெளியேறும். குழாய் சுத்தமாக இருந்தால் அடைமழையிலும் உள்ளே ஒரு துளி வராது. குழாய் அடைத்தால் தட்டு நிரம்பி உள்பக்கம் வழியும். ஆக, நோய் குழாயில், மருந்து பூசியது கண்ணாடியில்.

அவர் முன் தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது குழாய் தட்டின் மூக்கிலிருந்து கழன்று தூணுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. கொம்பிரசர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் இப்படித்தான் கழரும் என்றார். உங்கள் வேலைத்தளத்தில் காற்று அடித்தார்களா என்று நான் கேட்டேன், அடித்ததாக உங்கள் ஆளே ஒப்புக்கொண்டார். வலது குழாய்க்குள் அவர் தடித்த மீன்பிடித் தங்கூசி நூலை மெதுவாக விட்டுத் திருகி இழுத்தார். சவுக்குச் சருகும் வேப்பம்பூவும் மணலும் சேர்ந்து கறுப்புக் களியாக வந்தது. சும்மா இரண்டு மழைக்குச் சேர்ந்த குப்பை இல்லை அது, வருடக்கணக்கில் இறுகியது. ஒரு மீன்பிடித் தங்கூசித் துண்டில் முடிகிற வேலையை விற்பதற்கு முன் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள்.

பின் குழாய்கள் இரண்டையும் அவர் தொடவில்லை. அதற்குப் பின் பக்கத்து உள்மூடிகளைக் கழற்ற வேண்டும், உங்கள் செலவில் செய்ய வேண்டிய வேலை, நான் வேண்டாம் என்றேன். ஆனால் எனக்கு நித்திரை வராத பயம் அங்கேதான் இருக்கிறது. ஹைபிரிட் பற்றரி பின்பக்கத்தில். பின் குழாய் அடைத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கினால் வரும் செலவு சீலைக் கறையோடு நிற்காது. பற்றரிக்கு உத்தரவாதம் தரவில்லை என்று உங்கள் ஒப்பந்தத் தாளில் தெளிவாகவே இருக்கிறது.

உட்கூரைத் துணி இப்போது முன்பக்கம் தொய்ந்து, தேநீர் சிந்திய மாதிரி வளையம் வளையமாகக் கறை. கம்பளத்தைத் தூக்கினால் கீழே பஞ்சு இன்னும் ஈரம், ஏசி போட்ட முதல் ஐந்து நிமிடத்துக்குப் பூஞ்சண மணம். சின்ன மகளுக்கு இழுப்பு இருக்கிறது, அவளை இந்தக் காரில் ஏற்றுவதை நிறுத்திவிட்டேன்.

இனி, உங்கள் விளம்பரத்தைப் பற்றியும் கொஞ்சம். முகநூலில் இந்தக் காரைப் போட்டபோது ஒரு பிள்ளை கூரையால் தலையை நீட்டி நிற்கிற படம் போட்டிருந்தீர்கள். ஓடுகிற காரில் அப்படி நின்ற பிள்ளை ஒரு பிறேக்கில் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? அந்தப் படத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், என் காசுப் பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும்.

இந்த ஊரில் பழைய காருக்குச் சன்ரூஃப் தேவையா என்று இப்போது என்னிடம் பலர் கேட்கிறார்கள், என் பதில் உங்கள் வியாபாரத்துக்கு நல்லதில்லை. பகலில் இதைத் திறக்க முடியாது, பங்குனி வெயிலில் திரையை இழுத்து மூடினாலும் தலைக்கு மேலே அடுப்பு. ஏசிக்கு வேலை கூடுகிறது. கண்ணாடியும் சட்டமும் மோட்டாரும் பிடித்த இடத்தால் கூரை உள்ளே தாழ்ந்துவிட்டது, கொஞ்சம் உயரமான ஆளுக்குத் தலை தட்டும். குளிர் நாட்டுக்காரனுக்கு வெயில் கிடைப்பது பெரிய விடயம், அவன் கூரையைத் திறக்கிறான். நமக்கு? இரவில் கல்லடிப் பாலத்தால் வரும்போது திறந்தால் வாவிக் காற்று நன்றாக இருக்கும், அது உண்மை, பிள்ளைகளுக்கும் சந்தோசம். அந்த ஒரு சுகத்துக்கு மூன்றரை இலட்சமா? எட்டு வருடம் ஓடிய காரில் சன்ரூஃப் இருந்தால், குழாய் நான்கையும் சுத்தம் செய்து காட்டாத வரைக்கும், அது விலையைக் குறைக்க வேண்டிய விடயம், கூட்ட வேண்டியது அல்ல. காட்டுவதும் பெரிய வேலை இல்லை. கூரையைத் திறந்து, தட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றினால், காருக்குக் கீழே அந்தந்தப் பக்கத்தில் தண்ணீர் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அடைப்பு. வாங்க வருகிறவரின் முன்னால் ஐந்து நிமிடத்தில் செய்யலாம்.

எனக்கு வேண்டியது இதுதான். சிலிக்கனை முழுதாக எடுத்து, கண்ணாடி இறப்பரைப் புதிதாகப் போட்டு, நான்கு குழாயையும் சுத்தம் செய்து, கழன்றதை ஒழுங்காகப் பொருத்தி, என் முன்னால் தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும். உட்கூரைத் துணியையும் கம்பளத்துக்குக் கீழேயுள்ள பஞ்சையும் மாற்ற வேண்டும், காய வைத்துத் திரும்பப் போடுவதை ஏற்க மாட்டேன், பூஞ்சணம் போகாது. பின்பக்கத்தில் பற்றரி இருக்கிற இடத்தைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று ஹைபிரிட் தெரிந்த ஒருவர் பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். இவ்வளவும் முடியாது என்றால், சன்ரூஃபுக்காக வாங்கிய மூன்றரை இலட்சத்தைத் திருப்பித் தாருங்கள், நான் எனக்குத் தெரிந்த இடத்தில் செய்துகொள்கிறேன். பழைய கார் என்றால் அப்படித்தான் என்ற பதிலை மட்டும் அனுப்ப வேண்டாம். பழைய கார் என்பதற்கு விலை குறைத்தீர்கள், கண்ணாடிக்கு விலை கூட்டினீர்கள், கூட்டியதற்குத்தான் கணக்குக் கேட்கிறேன்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு அந்தக் காலம் டிசெம்பர் முதல் வாரத்தில் முடிகிறது. ஆகவே இந்த மாதம் 24ஆம் திகதிக்குள் உங்கள் பதில் வராவிட்டால் மறுநாள் காலையில் அதிகார சபைக்கு முறைப்பாடு போகும். ஏலத் தாளின் பிரதி, விற்பனைப் பற்றுச்சீட்டு, உங்கள் விளம்பரத்தின் படம், சிலிக்கனின் படங்கள், கழன்ற குழாயின் காணொளி எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

காரை எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் முந்தின நாளே சொல்லுங்கள். கூரைக்கு மேல் தறப்பாள் கட்டி வைத்திருக்கிறேன், அவிழ்க்க நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் தொலைபேசி இலக்கமும் விற்பனைப் பற்றுச்சீட்டில் உள்ளன)