கட்டைவிரலுக்கு வேலையைக் குறை, கண்ணு

கிருஷ்ணகிரி,
புதன்கிழமை

அன்புள்ள கண்ணு,

கட்டைவிரல் அடியில் வலிக்கிறது, மணிக்கட்டு வரைக்கும் இழுக்கிறது என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். தைலம் தேய்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வீடியோ காலில் பேசிக்கொண்டே நீ வேலை பார்த்ததைக் கவனித்தேன். ஒவ்வொரு கிளிக்குக்கும் கட்டைவிரலால் டிராக்பேடை, அதுதான் கீபோர்டுக்குக் கீழே இருக்கும் தொடுபலகையை, அமுக்குகிறாய். ஃபைலை இழுக்கும்போது ஒரு விரலால் அமுக்கிப் பிடித்தபடியே இன்னொரு விரலால் தள்ளுகிறாய். ஆபீஸில் கொடுத்த ஆப்பிள் மேக் லேப்டாப்பில் செட்டிங்ஸ் எதையும் நீ தொட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். முகூர்த்த மாதம் வந்தால் பர்கூர், காவேரிப்பட்டணம் என்று நம் ஸ்டுடியோவுக்குக் கல்யாண ஆல்பம் குவியும், உனக்கே தெரியும். பொழுதுக்கும் படங்களை இழுத்து இழுத்துப் பக்கம் கட்டுகிற வேலை என்னுடையது. அதனால் இந்த விஷயத்தில் நான் சொல்வதைக் கேள்.

சிஸ்டம் செட்டிங்ஸில் டிராக்பேட் பக்கத்தைத் திற. அதில் ‘டேப் டு கிளிக்’ என்று இருக்கும். புது மேக்கில் அது ஆஃபில்தான் வரும். ஆன் செய்துவிட்டால் அமுக்கவே வேண்டாம், விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே போதும். இரண்டு விரலால் தொட்டால் ரைட் கிளிக். பக்கத்திலேயே கிளிக்கின் அழுத்தத்துக்கு லைட், மீடியம், ஃபர்ம் என்று மூன்று அளவு இருந்தால், உன்னுடையது 2015-இல் வந்த ஃபோர்ஸ் டச் வகை. லைட்டில் வை. அந்த வகை டிராக்பேட் நாம் நினைக்கிற மாதிரி கீழே இறங்குவதில்லை. உள்ளே இருக்கும் சென்சார் அழுத்தத்தை அளக்கிறது, உடனே ஒரு சின்ன அதிர்வு கொடுத்து, இறங்கியது போல விரலை நம்ப வைக்கிறது. அதற்கு வேண்டியது கொஞ்சம் அழுத்தம்தான். நீ கூடுதலாகக் கொடுப்பதெல்லாம் உன் மூட்டுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மூன்று விரல் இழுவை. அது டிராக்பேட் பக்கத்தில் இருக்காது. முன்பு அங்கேதான் இருந்தது, 2015 வாக்கில் அக்சசிபிலிட்டிக்குள், அதாவது உடல் சிரமம் உள்ளவர்களுக்கான வசதிகள் இருக்கும் பக்கத்துக்குள், கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அக்சசிபிலிட்டி, அதில் பாயின்டர் கன்ட்ரோல், அதில் டிராக்பேட் ஆப்ஷன்ஸ். ‘யூஸ் டிராக்பேட் ஃபார் டிராகிங்’ என்பதை ஆன் செய்து, கீழே ‘த்ரீ ஃபிங்கர் டிராக்’ என்பதைத் தேர்ந்தெடு. அதன்பின் மூன்று விரலை மெல்ல வைத்து நகர்த்தினால் திரையில் திறந்திருக்கும் ஜன்னலும் படமும் கூடவே வரும். அமுக்கிப் பிடிக்கிற வேலையே இல்லை. எழுத்தைத் தேர்வு செய்வதும் இப்படித்தான். நடுவில் இடம் போதாமல் விரலை எடுத்தாலும் பயப்படாதே, உடனே வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே ஒரு மாற்றம்: இதுவரை மூன்று விரலால் மேலே தள்ளி எல்லா ஜன்னலையும் பார்த்தாயே, அதற்கு இனி நான்கு விரல். இரண்டொரு நாள் கை தடுமாறும். பொறுத்துக்கொள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் மவுசைத் தேடுவதே குறைந்துபோனது. இப்படி ஒரு நல்ல வசதியை ஏன் உள்ளே ஒளித்து வைத்தார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்த விரல் ஜாடைகளின் கதை உனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வெய்ன் வெஸ்டர்மேனுக்கும் உன்னைப் போலவே கைவலி. டைப் செய்து செய்து வந்தது. அழுத்தாமல் தொட்டே வேலை செய்கிற பலகை வேண்டும் என்று, அங்கே பேராசிரியராக இருந்த ஜான் எலியாஸோடு சேர்ந்து 1998-இல் ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2005-இல் ஆப்பிள் அதை வாங்கியது. நோகும் கைகளுக்காக யோசித்த வேலை அது கண்ணு. உன் கையும் அதில் பலன் பெறட்டும்.

அப்புறம், டிராக்கிங் ஸ்பீடைக் கொஞ்சம் கூட்டு. அம்புக்குறியைத் திரையின் மறுமூலைக்குக் கொண்டுபோக விரலை எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருக்காது. ‘ஸ்வைப் பிட்வீன் பேஜஸ்’ என்பதை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். நீளமான ஃபாரம் நிரப்பும்போது இரண்டு விரல் பக்கவாட்டில் நழுவினால் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும், சில நேரம் நிரப்பியதும் போய்விடும். ஸ்க்ரோல் திசையை உன் இஷ்டத்துக்கு வை. ஆனால் மவுஸ் வாங்கினால் அதன் சக்கரமும் அதே திசைக்குத்தான் திரும்பும், மேக்கில் இரண்டுக்கும் ஒரே செட்டிங்.

இவ்வளவும் செய்தும் வலி குறையாவிட்டாலோ, ராத்திரியில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போனாலோ, தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார். அது நரம்பு அழுந்துவதாக இருக்கலாம், செட்டிங்ஸால் தீராது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா காலையிலேயே ராயக்கோட்டைக்குக் கல்யாண வேலையாகப் போகிறார், நான் வீட்டில்தான் இருப்பேன். பத்து மணிக்கு மேல் கூப்பிட்டு ஸ்க்ரீன் ஷேர் போடு. அந்த மூன்று விரல் இழுவையைச் சேர்ந்தே ஆன் செய்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா