அந்தப் பத்தாயிரம் அப்படியே கிடக்கு

முனைக்காடு,
2025 ஆவணி.

அன்புள்ள மகளுக்கு,

நாங்க எல்லாரும் நல்ல சுகம். நீயும் சுகமா இருக்க தான்தோன்றியப்பர் துணை. போன் எடுத்தா ரெண்டு நிமிசத்தில "லெக்சர் தொடங்கப்போகுது அம்மா" எண்டு வச்சிடுறாய். ராத்திரி எட்டு மணிக்கும் லெக்சர், ஞாயிற்றுக்கிழமையும் லெக்சர். அதான் எழுதுறன். கடிதத்த நடுவில வைக்கேலாதே.

பத்தாயிரம் ரூபா வந்து சேர்ந்தது. கொக்கட்டிச்சோலை பேங்குக்குப் போய் புத்தகத்தில அடிச்சுப் பாத்தன். ஆரோ பிழையாப் போட்ட காசு எண்டுதான் முதல் நினைச்சன். கவுண்டரில இருந்த பிள்ளையிட்டக் கேட்டா, "உங்கட மகள்ர பேர்தானே அம்மா" எண்டு சொல்லிச் சிரிக்குது. அப்பாட்டச் சொன்னதுதான் தாமதம், வயல் வட்டைக்குப் போய் வெட்டு மெசின்காரன் வரைக்கும் சொல்லி முடிச்சிட்டார், மகள் கம்பஸில படிச்சுக்கொண்டே வீட்டுக்குக் காசனுப்புறாள் எண்டு. நான் நல்லாப் பேசினன். படிக்கிற பிள்ளை காசனுப்புறது ஊருக்குச் சொல்ற கதையா? மறுகா நானும் பெரியம்மாட்டச் சொன்னன்தான், இல்ல எண்டு சொல்லல்ல.

ஆனா அந்தக் காசு அப்படியே கிடக்கு. தொடமாட்டன்.

எங்கால வந்தது எண்டு நான் கேக்கல்ல. கேக்கவும் மாட்டன். ஆனா கணக்குத் தெரியாதவள் எண்டு மட்டும் நினைச்சிடாத, பன்ரெண்டு பொம்பிளையளுக்கு சீட்டுப் பிடிக்கிறவள் நான். கம்பஸ் பிள்ளையளுக்குக் குடுக்கிற மகாபொல உதவிக்காசு மாசம் 5000 த்த இந்த சித்திரையில 7500 ஆக்கினாங்க. ரேடியோவில கேட்ட அண்டைக்கு அப்பா, இனி பிள்ளைக்குக் கரைச்சல் இல்ல எண்டார். பேராதனை கலஹா சந்தியில உன்ட அறைக்கு மாசம் 8000. அதுக்கே 500 குறையுது. சாப்பாடு, பஸ், ஃபோட்டோகொப்பி, போனுக்கு டேட்டா எல்லாம் இனித்தான். இதுக்குள்ள பத்தாயிரம் மிஞ்சுதெண்டா, ஒண்டில் நீ சாப்பிடுறேல்ல, இல்லாட்டி மகாபொலையத் தவிர வேற வழியால காசு வருது. ஹொஸ்டலில இருந்த முதல் வருசம் இந்தக் கவலை எனக்கு இல்ல.

சாப்பிடு. காலையில பணிசும் பிளேன்ரீயும் சாப்பாடில்ல.

மேற்குத் தெரு ஆளொருத்தர் கண்டிக்குப் போய்வந்து ஒரு கதை சொன்னார். புடவைக்கடையாம், பில் போடுற இடமாம், செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணியாம். உலகத்தில ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்க எண்டு சொல்லி தேத்தண்ணி குடுத்து அனுப்பிட்டன். நான் நம்பல்ல. சும்மா எழுதுறன்.

வேலை செய்யிறது குறைவில்ல. பின்னேரத்தில ரியூசன் குடு, லீவில எங்கயாவது நில்லு, அது உன்ட கெட்டித்தனம். ஆனா லெக்சருக்கு வரவு 80 வீதத்துக்குக் குறைஞ்சா சோதினை எழுத விடமாட்டாங்க எண்டு சொன்னது நீதான். முதல் வருசம் காய்ச்சலோட லெக்சருக்குப் போனாய், நான் ஏசினதுக்கு நீ சொன்ன பதில் அது. நான் மறக்கல்ல. பகலில எது வந்தாலும் படிப்புக்குப் பிறகுதான். கெமிஸ்ட்ரி லாப் எல்லாம் பகலில எண்டு எனக்குத் தெரியும்.

மாமா போன கிழமை வந்தவர். அவர்ர மகன் கொழும்பில தனியார் கம்பஸில படிக்கிறான்தானே, கவுண்மெந்துட வட்டியில்லாக் கடனில. ஏ.எல். சோதினையில மூண்டு பாடம் பாஸ், கம்பஸ் கிடைக்கல்ல எண்டா அதுக்குப் போடலாம். படிச்சு முடிச்ச பிறகு மாசாமாசம் கட்டவேணும். மாமா சொல்றார், "அக்கா, என்ட பொடியன் கடனோடதான் வெளியில வருவான். உன்ட மகளுக்கு ஒரு சதம் செலவில்ல, காசில்லாப் படிப்பு" எண்டு. எனக்கு விசர் வந்தது. காசில்லாப் படிப்பு எண்டு 1945இல கல்வி மந்திரி கன்னங்கரா குடுத்தது பெரிய விசயம்தான், அது இல்லாட்டி நம்மட சனத்தில ஆர் படிச்சிருக்கும்? வகுப்புக்குள்ள இருக்கிறதுக்குக் காசில்ல. வகுப்புக்கு வெளியில இருக்கிறதுக்குத்தான் காசு. அறைக்காரி காசில்லாம விடுவாவா? மாமாவுக்கு இதச் சொல்லல்ல. சோறு போட்டு அனுப்பினன்.

அம்மப்பாவும் தாய் தகப்பன்ட காசில படிச்சவர் இல்ல. கல்லடி உப்போடை சிவானந்தாவில படிச்சார், ராமகிருஷ்ண மிஷன் இல்லத்தில தங்கி. விபுலானந்த அடிகள் 1929இல அந்தப் பள்ளிக்கூடத்தத் துடங்கினதால வாவிக்கு மேற்கால நம்மட படுவான்கரைப் பொடியனுகளுக்கும் ஒரு வாசல் கிடைச்சது. அம்மப்பா அடிக்கடி சொல்லுவார், தோட்டத்துக்குத் தண்ணி ஊத்திப்போட்டுத்தான் புத்தகம் எடுக்கிறதாம். ஆனா நேரத்துக்குச் சோறும் படுக்கப் பாயும் அங்க இருந்தது. உனக்கு அந்த ஏற்பாடு இல்ல. அதால அவரக் காட்டி உன்ட வாய அடைக்கமாட்டன். அப்பா அடைப்பார், நீ காதில எடுக்காத.

வந்தாறுமூலைக் கம்பஸ முதலாவதாப் போடு எண்டு அப்பா தலைகீழா நிண்டார். நீதான் பேராதனை எண்டு அடம்பிடிச்சாய். வந்தாறுமூலை எண்டா ரெண்டு பஸ், கிழமைக்கு ஒருக்காவாவது வீட்டுச் சோறு. இப்ப அதச் சொல்லி வேலையில்ல. உன்ட வகுப்பில பேராதனைக்கு எடுபட்டது நீ மட்டும்தான். அந்தக் கடிதம் வந்த அண்டைக்கு நான் அழுததையும் நீ பாத்தனீ.

இனி வீட்டுக் கதைக்கு வாறன். அக்காக்கு நம்மட வீட்டக் குடுத்திட்டு நானும் அப்பாவும் குசினிக் கொட்டிலுக்கு வந்த மாதிரி உனக்கும் ஒண்டு எழும்ப வேணும், அது நம்மட வழமை, நீ சிரிச்சாலும் சிரிக்காட்டியும். 2022இல சீமெந்து 3000க்குக் கிட்டப் போன நேரமும் அப்பா நிப்பாட்டல்ல. இப்ப சன்னலுக்கு மேல லிண்டல் மட்டத்தில நிக்குது. பெருநாளைக்கு வந்து அதுக்குள்ள நிண்டு, "இந்தச் சுவருக்குள்ள என்ட நாலு வருசப் படிப்பு இருக்கு" எண்டு சொன்னாய். அதுக்குப் பிறகுதான் நீ காசு கேக்கிறத விட்டாய். வைகாசிச் சடங்குக்கும் வரல்ல, மாமாங்கத் தீர்த்தத்துக்கும் வரல்ல. நான் எல்லாத்தையும் கணக்குப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.

உனக்கு வீடு வேணாம் எண்டது கோவமா, உண்மையா எண்டு எனக்கு விளங்கல்ல. உண்மை எண்டா உனக்கு வயசு காணாது. கோவம் எண்டா அது எங்களில வைக்கிற கோவம் இல்ல. சீதனம் கேக்கிற சனத்தில வை. ஒரு வீடில்லாம ஆர் பேச வருவாங்க எண்டு கேட்டா நீ என்ன சொல்லுவாய் எண்டு தெரியும். அதால கேக்கல்ல.

சிறுபோகம் வெட்டி முடிஞ்சுது. உன்னிச்சைப் பக்கம் குத்தகைக்கு எடுத்த துண்டுதான், விளைச்சல் குறைவில்ல. நாட்டு நெல்லுக்கு கவுண்மெந்து விலை கிலோ 120 எண்டாங்க, அப்பா காயப்போட்டு ஏத்தப் பொறுமையில்லாம களத்தில வச்சே யாவாரியிட்ட அதுக்குக் குறைச்சுக் குடுத்திட்டார். குத்தகை, மெசின், உரம் எல்லாம் போக மிஞ்சினத கூரைக்கு எண்டு கட்டி வச்சிருக்கார்.

அந்தக் காசில நான் கை வைக்கப்போறன். கூரை அடுத்த பெரும்போகத்துக்கு நிக்கட்டும். ஒரு வருசம் மழை பட்டா செங்கல் கரைஞ்சிடாது, சுவருக்கு மேல தகரத்தப் போட்டு மூடி வைக்கலாம். தை மாசம் வரைக்கும் மாசம் 12000 உன்ட கணக்குக்கு வரும். அப்பாக்கு நான் சொல்றன், அது என்ட பாடு. நீ திருப்பி அனுப்பினா நானும் திருப்பி அனுப்புவன், பேங்குக்காரன்தான் களைச்சுப் போவான்.

எங்கயும் கடன் மட்டும் எடுத்திடாத. போனிலயே லோன் குடுக்கிறாங்களாம், பேர் அடிச்சா காசு வந்திடுதாம். இங்க கிழமை லோன் எடுத்த பொம்பிளையள் செவ்வாய்க்கிழமை வந்தா வீட்டப் பூட்டிக்கொண்டு பின்வேலியால போறத நீ சின்னனில பாத்திருக்கிறாய். குழுவில ஒருத்தி கட்டாட்டி மற்ற நாலு பேரும் கட்டவேணும், அதில உன்ட சின்னம்மா பட்ட பாடு உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. பேங்கில படிப்புக்கு எடுக்கிறதெண்டா மாமா பிணை நிக்கிறன் எண்டார், ஆனா அதையும் எனக்குச் சொல்லாம செய்யாத. ஒருத்தரிட்டயும் கை நீட்டாத, ஒருத்தருக்கும் பிணையும் வைக்காத, உன்ட கூட்டாளியா இருந்தாலும்.

வருமானக் கடிதம் திரும்பவும் கேக்கிறாங்க எண்டா முன்கூட்டியே சொல்லு. நம்மட கிராம சேவகர் விதானையார் எல்லா நாளும் ஒபிசில இல்ல, பிறகு பிரதேச செயலகத்தில கையெழுத்து. ஒரு நாளில முடியிற வேலையில்ல.

அக்காட மகன் இப்ப அ, ஆ எழுதுறான். "சித்தி எப்ப வாறா" எண்டு கேக்கிறான், நான் தேருக்கு வாறா எண்டு சொல்லிப்போட்டன். என்னப் பொய்க்காரியாக்காத.

கண்டி பஸ்ஸில நம்மட பக்கத்துப் பொடியனிட்ட ஒரு பெட்டி குடுத்து விடுறன். அரிசிமா வறுத்தது, பயத்தம் உருண்டை, நெத்தலிக் கருவாடு தனியாக் கட்டி, சீனிச்சம்பல் போத்தல். கருவாட்ட அறைக்காரிட குசினியில பொரிக்காத, மணத்துக்கு ஏசுவா. சம்பல் போத்தல் அக்காட, திருப்பி வரவேணும். ஒரு கட்டு உருண்டை அந்தப் புடவைக்கடையில வேலை செய்யிற உன்ன மாதிரிப் பிள்ளைக்கும் குடு. அதுவும் பகலில வகுப்பிருக்கிற பிள்ளையா இருந்தா, வரவு 80 வீதம் எண்டு அம்மா சொன்னா எண்டு சொல்லு.

அப்பா கேக்கச் சொல்றார், சன்னல் மரத்திலயா அலுமினியத்திலயா எண்டு. கூரைக் காசக் கேட்டு அவரோட சண்டை பிடிக்க முதல் நீ போன் எடுத்து அவரிட்டயே சொல்லு. வெள்ளிக்கிழமைக்கு முதல் எடு, அண்டைக்கு மேசன் வந்து அளக்கப்போறார்.

இப்படிக்கு,
அம்மா