வாய் உள்ள புத்தகமாய்ப் பார்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பின் மகன் தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் முந்தின மாதிரித்தான். தைலத்தை மாற்றிப் பார்த்தாயிற்று, நோ மாறவில்லை.

நீ டோஹாவிலிருந்து அனுப்பின பட்டியல் கிடைத்தது. நாலு அப், மூன்று புத்தகம், யூரியூப் சனல்கள், அதுபோக ஒரு பழைய பிடிஎஃப். சுவீடனில் உப்சாலாவுக்குப் போக இன்னும் எட்டு மாதம் இருக்கு, இதில் எதை எடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். சுவீடிஷ் ஒரு சொல்லும் தெரியாத மனிசனிடம் போய்க் கேட்கிறானே என்று அம்மாவுக்குச் சிரிப்பு. ஆனால் தனியே இருந்து ஒரு மொழியைப் படிக்கப்போய் மூக்குடைபட்ட ஆள் இந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

1978 இல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக் கோட்டையில் கந்தோருக்கு வந்தபோது, சிங்களச் சோதனை பாஸ் பண்ணாவிட்டால் சம்பள ஏற்றம் இல்லை என்றார்கள். புறக்கோட்டை நடைபாதையில் 'முப்பது நாளில் சிங்களம்' மாதிரியான புத்தகங்கள் மூன்று வாங்கி இரவிரவாக உருப்போட்டேன். 'மம யமி', நான் போகிறேன். ஒருநாள் காலமை 100 ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி, கொண்டக்டரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு 'மம கொட்டுவட்ட யமி' என்றேன். முன் சீற்றில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஹாமுதுரு, அதாவது புத்த பிக்கு, பண என்கிற உபதேசம் சொல்கிற மாதிரி இருந்திருக்கும். சனம் கதைப்பது 'மம யனவா'. புத்தகத்தில் பிழை இல்லை, அது எழுத்துச் சிங்களம். வாய்ச் சிங்களத்தைப் பிறகு பக்கத்து மேசைக்காரரிடமும் தேத்தண்ணிக் கடையிலும்தான் பிடித்தேன். 83 கலவரத்தில் அது எனக்கு எதற்கு உதவியது என்று உனக்குத் தெரியும். அதை இங்கே எழுதவில்லை.

உன்னுடைய பட்டியலை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். சும்மா பார்க்கவில்லை. மூன்று கிழமையாக அம்மா நாடகம் பார்க்கிற நேரத்தில் நான் டப்பை வைத்துக்கொண்டு இருக்கிறேன். ஒரு கொப்பியும் நிரம்பிவிட்டது.

முதலில் அந்தப் பழைய பிடிஎஃப்பை அழித்துவிடு. இலவசம் என்று எடுத்திருப்பாய். அதில் 'நாங்கள் இருக்கிறோம்' என்பதற்கு 'வீ ஏரோ' என்று கிடக்கிறது. பன்மைக்குத் தனி வினை போடுகிற வழக்கத்தை சுவீடன்காரர் போன நூற்றாண்டின் நடுவிலேயே விட்டுவிட்டார்கள். இப்போது எல்லோருக்கும் 'ஏர்' ஒன்றுதான்: நான், நீ, அவன், நாங்கள், ஒரே சொல். வந்தேன், வந்தாய், வந்தான் என்று வளர்ந்த எங்களுக்கு இது வெறும் விளையாட்டு. 1960களின் கடைசியில் பட்டமும் பதவியும் சொல்லி அழைக்கிற பழக்கத்தையும் விட்டு, எல்லோருக்கும் 'தூ', அதாவது 'நீ', என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய டொக்டரும் 'தூ', பேராசிரியரும் 'தூ'. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி ஏறி இறங்குகிற எங்களுக்கு முதல் மாதம் நாக்குக் கூசும். பழைய புத்தகத்தோடு போனால் என்னுடைய 'மம யமி' கதைதான் உனக்கும்.

புதிய புத்தகத்திலும் எழுத்து ஒன்று, வாய் ஒன்று என்று இருக்கு. எழுதுவது 'யாக்', சொல்வது 'யா'. 'அவர்கள்' என்பதற்கு எழுத்தில் இரண்டு வடிவம் உண்டு. கதைக்கும்போது இரண்டும் 'தொம்'. 'ஏர்' என்பது வாயில் வெறும் 'ஏ' ஆகிவிடும். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: ஒலிப்பதிவு இல்லாத எதையும் தொடாதே. எவ்வளவு நல்ல இலக்கணமாக இருந்தாலும் வாய் இல்லாத புத்தகம் பிறகு ஆகட்டும்.

அந்தக் கணக்கில் நீ தொடங்கவேண்டியது ஸ்வென்ஸ்கா இன்ஸ்டிடியூட் என்ற சுவீடன் அரச நிறுவனம் இணையத்தில் இலவசமாக நடத்துகிற தொடக்கப் பாடம். நான் படிப்பதும் அதுதான். துணைக்குப் புத்தகம் வேண்டுமென்றால் 'கொலோக்கியல் ஸ்வீடிஷ்' எடு. விளக்கம் ஆங்கிலத்தில், பயிற்சிக்கு விடை பின்னால், ஒலி பதிப்பகத்தின் இணையதளத்தில். 'ரீவ்ஸ்டார்ட்'டை எல்லோரும் புகழ்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல புத்தகம்தான், ஆனால் முதல் பக்கத்திலிருந்து முழுக்க சுவீடிஷ். ஆசிரியர் முன்னால் நிற்கிற வகுப்புக்கு எழுதினது. அங்கே போய்ப் பதிந்த பிறகு, வந்தேறினவர்களுக்கு நகரசபை காசில்லாமல் நடத்துகிற எஸ்.எஃப்.ஐ. என்ற சுவீடிஷ் வகுப்பில் சேரும்போது அதைப் பார்க்கலாம். இப்போதே வாங்கினால் உன் லாச்சியில்தான் கிடக்கும், என்னுடைய மூன்றும் கிடந்த மாதிரி.

டுவோலிங்கோவை விடச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்துக்கு நல்லது, சொல் சேரும். ஏன் இப்படி வருகிறது என்று கேட்டால் மட்டும் அது வாய் திறக்காது. மற்ற மூன்று அப்பும் ஒன்றையொன்று பார்த்து எழுதின மாதிரி இருக்கு.

தமிழ் அகராதி தேடிப் போகாதே. தேடினால் தமிழ் உள்ள நோர்வேஜிய அகராதி ஒன்று வந்து நிற்கும், நோர்வேயில் எங்கள் ஆட்கள் அதிகம். பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்று நம்பினால் கெட்டாய். 'ரூலிக்' என்றால் நோர்வேயில் அமைதியானது, சுவீடனில் வேடிக்கையானது.

இனி ஒரு நல்ல செய்தி. எங்களுக்கு வாய் பாதி தயாராகவே இருக்கு. அவர்களுடைய ர வுக்குப் பின்னால் ன வந்தால் இரண்டும் சேர்ந்து எங்கள் ண ஆகிவிடுகிறது. ல வந்தால் ள, த வந்தால் ட. பிள்ளைக்கு 'பார்ன்' என்று எழுதி, அச்சொட்டாக நாங்கள் தின்கிற ரொட்டிப் 'பாண்' மாதிரிச் சொல்கிறார்கள்! நான் டப்பைப் பிடித்துக்கொண்டு பாண், பாண் என்று சொல்ல, அம்மா குசினியிலிருந்து 'நேற்றையான் பாண் இருக்கு, இடியப்பம் போதாதோ' என்றா. வெள்ளைக்காரர் இந்த ண வுக்கு நாக்கை மடிக்கப் படுகிற பாட்டை யூரியூபில் பார், சிரிப்பாய். தெற்கே மால்மோப் பக்கம் ர வைத் தொண்டையில் சொல்வதால் இது நடக்காதாம். உப்சாலாவில் நடக்கும்.

குறில் நெடிலும் அப்படித்தான். 'தக்' என்று உயிரைக் குறுக்கி, க் மேல் அழுத்தினால் நன்றி. 'தாக்' என்று நீட்டினால் கூரை. பட்டு, பாட்டு என்று பிரித்துக் கேட்கிற காதுக்கு இது பெரிய காரியமில்லை, ஆனால் எழுத்தைப் பார்த்துப் படித்தால் பிடிபடாது. 'கொன்தூர்' என்று ஒரு சொல் வந்தது, அலுவலகம். எங்கள் கந்தோர்! உலாந்தாக்காரன் இங்கே விட்டுப்போன சொல்லின் உறவுக்காரன் அங்கே உனக்கு முன்னாலேயே வேலைக்குப் போய்விட்டான்.

கஷ்டம் எங்கே என்றால், பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் 'ஒரு' என்பதற்கு 'என்' போடுகிற கூட்டமா 'எத்' போடுகிற கூட்டமா என்பதில். முக்கால்வாசி 'என்'. மிச்சத்துக்கு விதி தேடி நேரத்தை வீணாக்காதே. கொப்பியில் வெறும் சொல்லை எழுதாமல் 'எத் பூட்', ஒரு மேசை, 'பூடெத்', அந்த மேசை என்று சோடியாக எழுது. நான் முதல் பத்துப் பக்கமும் தனிச்சொல்லாக எழுதிவிட்டு இப்போது பச்சைப் பேனையோடு திரும்ப உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாம் மாதம் அளவில் '8 சீடோர்' என்ற எளிய சுவீடிஷ் பத்திரிகையை இணையத்தில் திற. அழுத்தினால் வாசித்தும் காட்டும். சுவீடன் வானொலியும் எளிய மொழியில் செய்தி தருகிறது, எழுத்தும் கூடவே இருக்கும். முதலில் எழுத்தை மூடிவிட்டுக் கேள். சுவீடன் ரீவியை இப்போதைக்கு விடு, கனக்க நிகழ்ச்சி நாட்டுக்கு வெளியே திறக்காது.

அடுத்த ஞாயிறு போன் எடுக்கும்போது 'ஏழு' சொல்லிக் காட்டு. எழுதினால் எஸ், ஜே, யூ, மூன்றே எழுத்து. சொல்லும்போது தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவில் எங்கேயோ காற்றாகப் போகிறது, அதுவும் ஊருக்கு ஊர் வேறு மாதிரியாம். நான் நாலு நாளாகப் பழகுகிறேன். முந்தநாள் அம்மா இருமல் என்று நினைத்து கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்துவிட்டா.

அன்புடன்,
அப்பா

பி.கு.: குளிருக்குப் போடுகிற சப்பாத்தை டோஹாவில் வாங்கவேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னா. அங்கே போய் வாங்கு.