நடுகல்லுக்கு எனாமல் பூச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கம், தருமபுரி வட்டாரங்களில் சாலையோரமும் ஏரிக்கரையிலும், மடிந்த வீரர்களின் நினைவாக நட்டு நிற்கும் நடுகற்கள் பலவற்றை ஊர்மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அந்தக் கும்பிடுதான் அவற்றை இத்தனை நூற்றாண்டுகள் காத்தது. இப்போது கல்லுக்கு எனாமல் பெயின்ட் ஏறுகிறது, அடியில் சிமென்ட் மேடை எழும்புகிறது. இரண்டுமே கல்லில் பொறித்த எழுத்தை விழுங்கிவிடும்.

எழுத்து போனால் எது போகும் என்பதற்குச் செங்கம் பகுதியின் எடுத்தனூர்க் கல் ஒன்றே போதும். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல் அது. பக்கத்தில் ஒரு நாயும் உண்டு. ‘கோவிவன்’ என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதை வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் தனியே பொறித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது! இத்தகைய எழுத்துகள் ஆழமான வெட்டு அல்ல. ஓரிரு பூச்சிலேயே மேவிவிடும். பிறகு கம்பி பிரஷ்ஷோ ஆசிடோ கொண்டு சுரண்டினால் கல்லின் மேல்பரப்பும் சேர்ந்து உதிரும்.

சாலை விரிவாக்கத்தில் கல்லை நகர்த்தியே தீர வேண்டுமென்றால், முதலில் கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தகவல் தர வேண்டும். கல் நிற்கும் இடம், பார்க்கும் திசை, மண்ணுக்கு மேல் உள்ள உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில்லாத கல்லுக்கு அது நிற்கும் இடம்தான் சான்று. படம் எடுக்க உச்சிவெயில் உதவாது. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், இல்லையென்றால் இரவில் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்து எடுத்தால், மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து தெரியும்.

அடுத்து மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பது. தண்ணீரும் நார் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். உள்ளே காற்று நின்றால் அங்கே தாள் எழுத்துக் குழிக்குள் இறங்காது. ஈரம் பெரும்பாலும் வற்றிய பிறகே துணிப் பொதியால் மை ஒற்ற வேண்டும். ஈரம் மிகுந்தால் மை பரவும். முழுக்கக் காய்ந்தால் தாள் எழும்பிவிடும். பொதியில் மை கூடினால் எழுத்துக் குழியும் கருத்துவிடும். சரியாக வந்த படியில் எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கருப்பாகவும் இருக்கும்.

தூக்கும்போதுதான் பல கற்கள் உடைகின்றன. பலகைக் கல்லின் அடிப்பகுதி மண்ணில் இறுகியிருக்க, மேலே சங்கிலி கட்டி ஜேசிபியால் இழுத்தால் தரைமட்டத்தில் இரண்டாகும். சுற்றிலும் கையால் தோண்டி, அடி முழுவதும் விடுபட்ட பிறகு, சாக்கு சுற்றிப் பட்டை பெல்ட்டில் தூக்க வேண்டும். தோண்டும்போது புதைந்த பகுதியையும் பாருங்கள். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்த இடங்களில் கடைசி வரிகள் மண்ணுக்குள் இருக்கலாம்.

பூசையை நிறுத்தச் சொல்லவில்லை. மாலை போடலாம்; விளக்கைச் சற்றுத் தள்ளி ஏற்றலாம். எண்ணெய் முழுக்கு மட்டும் வேண்டாம். எண்ணெயில் தூசி படிந்து இறுகிய கல்லில் மைப்படித் தாள் ஒட்டாது.

வரலாற்று ஆர்வலர்கள்,
திருவண்ணாமலை